மோட்டார் ஓடினால்தான் மானியம்

ஒரு நண்பர் எழுதிக் கேட்டிருந்தார்: "எரிசக்தி மானியங்கள் பூமியைச் சூடாக்குகின்றன என்று எங்கே பார்த்தாலும் படிக்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு வரும் இலவச மின்சாரமும் அதில் சேர்த்தியா? அதை நிறுத்தினால் காலநிலைக்கு நல்லதா? அப்பா சோலார் பம்ப்புக்கு மனு போடலாம் என்கிறார். அதுவும் மானியம்தானே, அது மட்டும் எப்படி நல்லதாகும்?"

மூன்று கேள்விகளுக்கும் ஒரே இடத்தில்தான் விடை இருக்கிறது. பதினைந்து வருடங்களுக்கு மேல் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத் தோட்டங்களில் பம்ப்செட்டுகளின் திறனை அளந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெரிய கணக்கு. 2022ஆம் ஆண்டில் உலக நாடுகள் புதைபடிவ எரிபொருளுக்குத் தந்த மானியம் 7 லட்சம் கோடி டாலர் என்று பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) சொன்னது. அந்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அரசுகள் நேரடியாக விலையைக் குறைத்துக் கொடுத்தது அதில் சுமார் 1.3 லட்சம் கோடிதான். மீதியெல்லாம் புகையால் வரும் நோய், வெப்பமாதல் போன்ற சேதங்களுக்கு யாரும் விலை கொடுக்கவில்லையே என்று போட்ட கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசினால் விவாதம் குழம்பிவிடும். நான் இங்கே பேசப்போவது முதல் வகையைப் பற்றி, அதிலும் நமக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றி.

தோட்டத்துக்கு வரும் கரண்டு நேரடியாகப் புகை விடுவதில்லை. ஆனால் இந்தியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. காற்றாலை, சூரிய ஒளி, நீர் மின்சாரம் எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு (இனி சுருக்கமாகக் கார்பன் அல்லது கரி என்கிறேன்). நாடு முழுக்க விவசாயத்துக்கு ஆண்டுக்கு 20,000 கோடி யூனிட்டுக்கு மேல் போகிறது. பெருக்கினால் 14 கோடி டன்னைத் தாண்டும். சிறிய தொகை இல்லை இது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இப்போது தண்ணீர். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 1 லட்சம் லிட்டர். தாத்தா காலத்துக் கிணற்றில் 30 அடியில் தண்ணீர் நின்றது என்று வையுங்கள். அந்த 1 லட்சம் லிட்டரை மேலே கொண்டுவர, சாதாரணமாக ஓடும் ஒரு மோட்டாருக்கு ஏழெட்டு யூனிட் போதும். கார்பன் 5 கிலோ. இன்று அதே தோட்டத்தில் 1,000 அடி போர் போட்டு, தண்ணீரும் கிட்டத்தட்ட அந்த ஆழத்திலிருந்துதான் ஏறி வருகிறது என்றால் 250 யூனிட் ஆகும். கார்பன் 175 கிலோ. நனைவது அதே ஒரு ஏக்கர், பயிரும் அதே பயிர், கரி மட்டும் முப்பத்தைந்து மடங்கு. தண்ணீர் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு கரண்டு. கரண்டு இலவசமாக இருப்பதால் ஆழத்துக்கு யாரும் தனியாகப் பணம் கட்டுவதில்லை, அதனால் இன்னும் கீழே போகிறது. தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில், மழை உள்ளே அனுப்புவதைவிட நாம் வெளியே எடுப்பது அதிகம் என்று அரசின் 2022 கணக்கெடுப்பே சொன்னது.

இதைக் கேட்டதும் நகரத்தில் இருப்பவர்கள் விவசாயியைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஏன் என்று ஒரு தோட்டத்துக் கதையைச் சொன்னால் புரியும்.

பல்லடம் பக்கம் ஒரு பெரியவர் தோட்டம். 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் என்று பெயர்ப்பலகையில் இருந்தது. கம்பியில் மாட்டி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தால் 9.5 கிலோவாட் இழுக்கிறது. 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து நேரம் பார்த்தோம். நிரம்ப 100 நொடி ஆயிற்று. தண்ணீர் 400 அடிக்குக் கொஞ்சம் உள்ளே இருந்தது. கணக்குப் போட்டால், உள்ளே போகிற கரண்டில் கால் பங்குதான் தண்ணீரைத் தூக்குகிறது. மீதி முக்கால் பங்கு சூடாகவும் உராய்வாகவும் போகிறது. அந்த மோட்டாருக்கு நான்கு முறை காயில் கட்டியிருந்தார்கள். லோ வோல்டேஜில் ஓடி ஓடிக் காயில் எரிவதும், பட்டறைக்குப் போய்க் கட்டி வருவதும், ஒவ்வொரு தடவையும் திறன் கொஞ்சம் குறைவதும் அந்தப் பகுதியில் வழக்கமான விஷயம். நல்ல பம்ப்செட் மாட்டினால் பாதிக் கரண்டில் இதே தண்ணீர் வரும் என்று சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, மிச்சமாகிற கரண்டு போர்டுக்கு. புது மோட்டாருக்குக் காசு நான்தானே கட்டோணும்?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. பல வருடங்களாக அந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் வீணடிக்கிறவர் இல்லை. சாணத்தையும் சருகையும்கூட எரிக்காமல் நிலத்தில் போடுகிறவர். ஆனால் நாம் கொடுக்கும் மானியம் அவருக்கு எப்படி வருகிறது? மோட்டார் ஓடினால் வருகிறது. ஓடாவிட்டால் இல்லை. நல்ல மோட்டார் மாட்டினால், சொட்டு நீர் போட்டால், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாறினால், அவருக்குக் கிடைக்கும் மானியம் குறைகிறது. அதிக மானியம் யாருக்கு? பெரிய மோட்டார் வைத்து, ஆழமாகப் போர் போட்டு, நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு. மானாவாரியில் சோளம் விதைக்கிற சிறு விவசாயிக்கு இந்தத் திட்டத்தில் ஒரு பைசாவும் கிடையாது. இலவச மின்சாரத்தின் காலநிலைக் கேடு மானியத்தின் அளவில் இல்லை, அதைக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

முன்பு சொன்ன சிக்கல் இங்கேதான் வருகிறது. தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. மின் இணைப்புக்கெல்லாம் மீட்டர் வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டம் சொல்லியும் இதுதான் நிலை. எச்.பி.க்கு இவ்வளவு என்று மதிப்பிட்டு அரசு மின் வாரியத்துக்குப் பணம் கொடுக்கிறது. அளக்காத இடத்தில் எதையும் ஒளித்து வைக்கலாம். கம்பியில் போகும் இழப்பு, திருட்டு, கணக்குப் பிழை எல்லாமே விவசாயத்தின் தலையில் எழுதப்பட வாய்ப்பிருக்கிறது. நாடு முழுக்கவும் பல மாநிலங்களில் இதே கதைதான். அதனால் 14 கோடி டன் என்ற கணக்கில் எவ்வளவு உண்மையில் வயலுக்குப் போனது என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. விவசாயிகள் மீட்டரை எதிர்க்கிறார்கள், காரணமும் புரிகிறது: இன்று மீட்டர், நாளை பில். ஆனால் மீட்டர் இல்லாததால் பழியும் அவர்கள் மேலேயே விழுகிறது. இதை விவசாயச் சங்கங்களில் உள்ளவர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

சரி, அப்படியானால் இலவசத்தை நிறுத்திவிடலாமா?

இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு வரலாறு இருக்கிறது. யூனிட்டுக்கு ஒரு பைசா, இரண்டு பைசா என்ற உயர்வுக்காக 1970இல் கோவை மாவட்ட விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் விவசாயச் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்திவைத்தார்கள். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், அதற்கடுத்து கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 2003இல் ஜெயலலிதா அரசு அதை நிறுத்திப் பார்த்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஆளுங்கட்சிக் கூட்டணி இழந்தது. முடிவு வந்த சில நாட்களிலேயே இலவசம் திரும்ப வந்துவிட்டது. தோல்விக்கு அது ஒன்று மட்டுமே காரணமில்லை, ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் இந்தப் பக்கம் கை வைக்கவில்லை.

அரசியலை விடுங்கள், நியாயமும் இடிக்கிறது. ஆற்றுப் பாசனம் உள்ளவருக்குத் தண்ணீர் மேட்டூரிலிருந்து கால்வாயில் வருகிறது. அதற்கு அவர் கொடுப்பது அநேகமாக ஒன்றுமில்லை. கிணற்றுப் பாசனக்காரர் கிணறு வெட்டியது, போர் போட்டது, தண்ணீர் இல்லாமல் போன போர்களுக்குக் கொடுத்தது எல்லாம் சொந்தக் கடன். கரண்டு ஒன்றுதான் அரசு அவருக்குக் கொடுப்பது. விளைபொருளுக்கு நல்ல விலை கிடைக்காத வரை அதையும் பிடுங்கினால் முதலில் விழுகிறவர் இரண்டு ஏக்கர்க்காரர். நான் அதை ஆதரிக்க மாட்டேன்.

உலகத்திலும் இதையே பார்த்திருக்கிறோம். 2019 அக்டோபரில் ஈக்வடார் அரசு ஒரே ஆணையில் எரிபொருள் மானியத்தை நீக்கியது. நாடு பற்றி எரிந்தது, இரண்டு வாரத்துக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2010இல் ஈரான் வேறு வழியில் போனது. முதலில் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டார்கள், அப்புறம்தான் விலையை ஏற்றினார்கள். தெருவில் பெரிய கலவரம் இல்லை. பின்னாளில் பணவீக்கம் அந்தப் பணத்தின் மதிப்பைத் தின்றது வேறு கதை. நம் நாட்டிலேயே 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதம் சுமார் 50 பைசா என்று ஏற்றி, 2014 அக்டோபரில் மானியமே இல்லாமல் ஆக்கினார்கள். உலகச் சந்தையில் எண்ணெய் விலை அப்போது சரிந்ததும் கை கொடுத்தது. இதிலெல்லாம் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: கைக்குப் பணம் முன்னால் வந்ததா, பின்னால் வருகிறது என்று வாக்குக் கொடுத்தார்களா என்பதை. வாக்கை யாரும் நம்புவதில்லை. நம்பச் சொல்வதும் நியாயமில்லை.

வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதைப் பற்றியும் கேட்பார்கள். மின்விசிறியும் நான்கு விளக்கும் ஓடும் வீட்டுக்கு அது பெரிய உதவி. ஏ.சி. போட்ட வீட்டுக்கும் அதே 100 யூனிட்டைக் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. காலநிலைக் கணக்கில் அது சிறிய விஷயம். சமையல் எரிவாயு மானியம் இன்னும் வேறு. எரிவாயுவும் புதைபடிவ எரிபொருள்தான். ஆனால் அது இல்லாத வீட்டில் விறகடுப்பு எரியும். கரும்புகையும் காலநிலையைக் கெடுக்கும், அதற்கு முன்னால் அடுப்பங்கரையில் நிற்கிற பெண்ணின் நுரையீரலைக் கெடுக்கும். அந்த மானியத்தை 'புதைபடிவ மானியம்' என்ற ஒரே பட்டியலில் போட்டு வெட்டச் சொல்கிறவர்களோடு நான் எப்போதும் சண்டை போடுவேன்.

திரும்பவும் பல்லடத்துப் பெரியவரிடம் வருகிறேன். பஞ்சாபிலும் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அங்கே 2018இல் 'பானி பச்சாவ், பைசா கமாவ்' என்று ஒரு திட்டத்தை ஆறு ஃபீடர்களில் (துணை மின் நிலையத்திலிருந்து தோட்டங்களுக்குக் கரண்டு கொண்டுபோகும் மின்பாதைகளில்) தொடங்கினார்கள். தண்ணீரைச் சேமி, காசு சம்பாதி என்று பொருள். விருப்பப்பட்டுச் சேர்கிற விவசாயிக்கு மீட்டர் வைத்து, பருவத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் அளவு ஒதுக்கினார்கள். அதற்குக் கீழே ஓட்டினால், மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்குக்குப் போனது. அளவைத் தாண்டினாலும் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. எதையும் பிடுங்கவில்லை, சேமிப்புக்கு விலை வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைப் பெரியவரின் தோட்டத்தில் போட்டுப் பாருங்கள். நல்ல பம்ப்செட் மாட்டினால் மணிக்கு 4.5 யூனிட் மிச்சம். வருடத்துக்கு 200 நாள், நாளுக்கு 6 மணி நேரம் ஓட்டினால் 5,400 யூனிட். யூனிட்டுக்கு 4 ரூபாய் என்றால் 21,600 ரூபாய். சில வருடங்களில் புது மோட்டாரின் விலை வந்துவிடும், அதன் பிறகு வருமானம். கரியில் வருடத்துக்குச் சுமார் 3.8 டன் மிச்சம், ஒரே ஒரு தோட்டத்தில். "புது மோட்டாருக்குக் காசு நான்தானே கட்டோணும்?" என்ற கேள்விக்கு அப்போது பதில் இருக்கும். மீட்டரும் பில் போட வந்த கருவியாகத் தெரியாது, காசு கொடுக்கிற கருவியாகத் தெரியும்.

இன்னொரு வழி, கரண்டு வரும் நேரத்தை மாற்றுவது. மும்முனை மின்சாரம் நேரம் பிரித்து, பகலில் கொஞ்சம் இரவில் கொஞ்சம் என்று வந்த காலம் நினைவிருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கரண்டு வந்தால் யார் எழுந்து போவது? ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் போனாலும் விடிந்த பிறகுதான் தெரியும். தூங்காமல் போனவர்களைப் பாம்பு கடித்த கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. சூரிய மின்சாரம் இல்லாத அந்த நேரத்தில் ஓடும் கூடுதல் மோட்டாருக்குப் பெரும்பாலும் அனல் மின் நிலையம்தான் கூடுதலாக எரிய வேண்டும். அங்கே யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கார்பன். பகல் 11 மணிக்கு நிலைமை வேறு. தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்கள் இவ்வளவு வந்துவிட்ட பிறகு, நல்ல வெயில் நாளில் நடுப்பகலில் வரும் கரண்டை எங்கே செலவழிப்பது என்பதுதான் மின் வாரியத்தின் தலைவலி. பாசனம் முழுவதையும் பகலுக்குக் கொண்டுவந்தால் மானியம் அப்படியே இருக்கும், கரி கணிசமாகக் குறையும், விவசாயியும் இரவில் தூங்குவார். மகாராஷ்டிரம் 2017இலிருந்து விவசாய ஃபீடர்களுக்குப் பக்கத்திலேயே சூரிய மின் நிலையம் வைத்துப் பகலில் கொடுக்கும் திட்டத்தை நடத்துகிறது. இங்கேயும் அது பரவலாக வர வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக, அப்பாவின் சோலார் பம்ப்.

மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பம்ப் விலையில் பெரும் பங்கைத் தருகின்றன. இந்த மானியம் ஒரு தடவை கருவிக்குக் கொடுப்பது. ஓடும்போது கரி இல்லை. டீசல் இன்ஜின் வைத்திருப்பவர் மாறினால் எல்லா வகையிலும் லாபம். ஆனால் கரியைப் பொறுத்தவரை நல்லதான ஒன்று தண்ணீரைப் பொறுத்தவரை நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெயில் அடிக்கும் நேரமெல்லாம், கரண்டுக் கட்டே இல்லாமல், சும்மா ஓடுகிற மோட்டார் அது. நீர்மட்டம் குறைந்துகொண்டே போகும் குறுவட்டங்களில் இதற்குக் கட்டுப்பாடுகள் வைத்திருப்பது அதனால்தான்.

இதற்கும் ஒரு மாற்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊரில் ஆறு விவசாயிகள் சேர்ந்து 2016இல் சோலார் பம்ப் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாசனம் முடிந்த பிறகு தகடுகளில் வரும் கரண்டை மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். வயலில் தேவையில்லாமல் பாய்ச்சுகிற ஒவ்வொரு யூனிட்டும் கையை விட்டுப் போகிற காசு என்று ஆனது. பஞ்சாபில் மீட்டர் செய்ததை இங்கே சூரியத் தகடு செய்கிறது. அதனால் மின் கம்பி போகிற தோட்டமாக இருந்தால், விற்க வழியுள்ள இணைப்போடு சோலார் கிடைக்குமா என்று அப்பாவை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மனு போடும் முன் வீட்டில் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் ஒரு நாள், இருக்கிற மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிட்டு, மணிக்கு ஒரு தடவை 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மணி நேரத்தில் நேரம் இரட்டிப்பாகிறது என்றால் போரில் ஊற்று அவ்வளவுதான். அந்தப் போருக்கு 10 எச்.பி. சோலார் வாங்கினாலும் தண்ணீர் அதிகமாகாது, உலர்ந்த போரில் ஓடி மோட்டார்தான் போகும். அப்படி இருந்தால் சின்ன எச்.பி.க்கு மனு போடுங்கள், பகல் முழுக்கத் தொட்டியில் சேர்த்து வைத்துச் சொட்டு நீரில் விடுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள், எத்தனை எச்.பி. என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.